மயிரிழை விரிசல்: பிரேக் லீவரைப் பற்றவைக்கலாமா, மாற்ற வேண்டுமா?

பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டில் மாலை மணி அடித்ததும் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். நடுவில் மாட்டிக்கொண்ட தன் வண்டியை ஒருவன் அவசரமாக இழுப்பான். பக்கத்து வண்டி சாயும். அது அடுத்ததைச் சாய்க்கும். நாலு நொடியில் வரிசையே படுத்துவிடும். நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஹேண்டில்பார் கோணியிருந்தால் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திருப்பினால் நேராகிவிடும். தரையில் முதலில் மோதியது பிரேக் லீவராக இருந்தால் கதை வேறு. அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, லீவர் சுழலும் ஆணிக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு கண்ணில் படும். கீறலா, விரிசலா?

கேட்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். "ஒண்ணும் ஆகாது தம்பி, அப்படியே ஓட்டுங்க" என்பார் ஒரு கடைக்காரர். "கொடுங்க, ஆர்கான்ல ஒரு பொட்டு வெச்சுத் தரேன்" என்பார் வெல்டிங் பட்டறைக்காரர். "மாத்திடுங்கண்ணே, சில்லறைக் காசு" என்பார் இன்னொருவர். வீட்டில் யாராவது அதற்குள் எம்-சீலைப் பிசைய ஆரம்பித்திருப்பார்கள். இதில் யாரும் முட்டாள் இல்லை. ஒவ்வொருவரும் தாம் பழகிய உலோகத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது லீவர் எந்த உலோகம் என்பதை; அடுத்தது விரிசல் எந்த இடத்தில் என்பதை. விலை மூன்றாவதாக வந்தால் போதும்.

பால்காரரும் காய்கறிக்காரரும் இன்றும் ஓட்டும் பெரிய சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அதில் ஒயர் கிடையாது. ஹேண்டில்பாருக்குக் கீழே இணையாக ஓடும் எஃகுக் கம்பியே பிரேக் பிடி. அதிலிருந்து இன்னும் சில கம்பிகள் இறங்கி, ரிம்மின் உட்புறத்தில் பிரேக் கட்டைகளை மேல்நோக்கி இழுக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பரவிய அமைப்பு இது. இந்தப் பிடி சாதாரண மென் எஃகு. விழுந்தால் வளையும். சுத்தியலால் தட்டினால் நிமிரும். மென் எஃகு உடைவதற்கு முன் நன்றாக நீளும், வளையும், கண்ணுக்குத் தெரியும்படி எச்சரிக்கை கொடுக்கும். ஒடிந்தே போனாலும் கேஸ் வைத்துப் பித்தளையால் பற்றவைத்துவிடலாம். அந்த சைக்கிளின் சட்டத்துக் குழாய்களே மூட்டுகளில் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவைதான் என்பதால், பிடியை அதே முறையில் ஒட்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை. பற்றவைத்த இடத்தை அரத்தால் தேய்த்து, நாலு முறை முழு பலத்தோடு இழுத்துப் பார்த்து, வண்டியைக் கொடுத்துவிடும் பழைய மெக்கானிக்கின் நம்பிக்கை நியாயமானது.

சிக்கல் என்னவென்றால், அதே நம்பிக்கையோடு அவர் அலுமினிய லீவரையும் பார்க்கிறார்.

இன்று கியர் சைக்கிள்களிலும், பெரும்பாலான ஒயர் பிரேக் வண்டிகளிலும் இருப்பது அலுமினியக் கலவை லீவர். மலிவானவை அச்சில் உருக்கி ஊற்றியவை. நல்லவை அடித்து வடித்தவை. சிறுவர் சைக்கிள்களில் நைலான் பிளாஸ்டிக்கும் உண்டு. இவற்றுள் வார்ப்பு அலுமினியத்துக்கு எஃகின் பொறுமை கிடையாது. ஓரளவுக்கு மேல் வளைத்தால் முறியும். வார்ப்பின் உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகளும் தங்கியிருக்கும். விரிசல் தொடங்க அவை வசதியான இடங்கள்.

அந்தச் சின்னத் துண்டின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. லீவர் ஒரு நெம்புகோல். விரல்கள் பிடிக்கும் இடம் சுழலும் ஆணியிலிருந்து 8 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். ஒயர் மாட்டியிருக்கும் இடமோ ஆணியிலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். அதனால் கை கொடுக்கும் விசை ஏறக்குறைய 3 மடங்காகி ஒயருக்குப் போகிறது. விரல்கள் 10 கிலோ அளவுக்கு இழுத்தால் ஒயரில் 30 கிலோ. இந்த விசை அத்தனையும் ஆணித் துளையையும் ஒயரின் குண்டு உட்காரும் குழியையும் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் உலோகத்தின் வழியாகத்தான் கடக்க வேண்டும். சைக்கிள்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 4210, கைப்பிரேக்கைச் சோதிக்கும்போது லீவரில் 450 நியூட்டன் வரை விசை கொடுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய 46 கிலோ எடையை லீவரில் தொங்கவிடுவதற்குச் சமம். ஒருமுறை அல்ல, 10 முறை. யாரும் தினமும் அப்படிப் பிடிப்பதில்லை. ஆனால் தெருநாய் குறுக்கே பாயும் அந்த ஒரு நொடியில் மனிதக் கை தன் முழு பலத்தையும் காட்டும். லீவர் ஒடிவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

துளை என்று சொன்னோம். பொறியாளர்களுக்குத் துளை என்றாலே ஒரு எச்சரிக்கை. இழுவிசை தாங்கும் ஒரு தகட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால், அதன் விளிம்பில் விசையின் செறிவு 3 மடங்காகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்மானியரான கிர்ஷ், ஆண்டு 1898. வட்டத் துளைக்கே இது. விரிசலின் நுனியோ ஊசியைவிடக் கூர்மை. துணிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துவிட்டுச் சர்ரென்று கிழிப்பார்களே, அதே கணக்குதான் லீவரிலும். விரிசல் எவ்வளவு சிறியது என்பதை வைத்து ஆறுதல் அடைய முடியாது. நுனி கூர்மையாக இருக்கும்வரை அது முன்னேறிக்கொண்டே இருக்கும்.

1954-ல் இதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. பிரிட்டனின் காமெட், பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் விமானம். அந்த ஆண்டு ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இரண்டு காமெட்கள் மத்தியதரைக் கடல் பகுதியில் நடுவானில் சிதைந்தன. மொத்தம் 56 பேர் இறந்தார்கள். ஃபார்ன்பரோவில் ஒரு விமான உடலையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மேலே ஏறி இறங்கும்போது ஏற்படும் அழுத்த மாற்றத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். திறப்புகளின் ஓரத்தில் இருந்த சின்னத் துளைகளிலிருந்து விரிசல் கிளம்பி அலுமினிய உடலைக் கிழித்தது. ஒரே ஒரு அழுத்தம் அதைச் செய்யவில்லை. தாங்கக்கூடிய அழுத்தம்தான், ஆயிரக்கணக்கான முறை வந்து போனதே வினை.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். இதை முறையாக ஆராய்ந்தவர் வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே பொறியாளர், 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1842-ல் பாரிஸ் அருகே வெர்சாயில் ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததிலிருந்து, நன்றாக இருந்த இரும்பு திடீரென்று ஏன் முறிகிறது என்ற கேள்வி ஐரோப்பாவைக் குடைந்துகொண்டிருந்தது. வோலரின் சோதனைகள் காட்டியது இது: எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே இருக்கும் சுமையை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் குறையற்ற எஃகு தாங்கிக்கொண்டே இருக்கும். அலுமினியத்துக்கோ அப்படித் தெளிவான எல்லை இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு பிடியும் அதன் ஆயுளில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. நல்ல லீவரில் அது மிக மிகக் கொஞ்சம், சைக்கிளே காயலான் கடைக்குப் போகும்வரை தாங்கும். விரிசல் விழுந்துவிட்டால் கொஞ்சம் என்ற பேச்சே கிடையாது.

சரி, வெல்டிங் செய்தால்? அலுமினிய சைக்கிள் சட்டங்களையே தொழிற்சாலையில் வெல்டிங்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆனால் அதன் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். தோலை உடைக்காமல் உள்ளே பிடிக்காது. தோல் உடையும்வரை சூடேற்றினால் உள்ளே இருப்பது ஓடிவிடும். இரும்பைப் போலச் சிவந்து காட்டி எச்சரிக்கவும் செய்யாது. ஆர்கான் வெல்டிங்கில் தேர்ந்த கைகள் இதைச் சமாளித்துவிடும். தமிழ்நாட்டு லேத் பட்டறைகளில் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை. தையல்போல அழகாக ஒட்டித் தருவார்கள்.

ஒட்டிய பிறகுதான் வினை. சைக்கிள் சட்டங்களில் அதிகம் புழங்கும் 6061 ரக அலுமினியத்தின் பலம் உலோகத்தில் மட்டும் இல்லை. தொழிற்சாலையில் கொடுத்த பக்குவத்திலும் இருக்கிறது. 530 டிகிரி வாக்கில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 170, 180 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருந்து எடுக்கும் பக்குவம் அது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் இந்தப் பக்குவம் கலைந்துவிடுகிறது; இழுவலிமை தோராயமாக 40 சதவீதம் குறைகிறது. அதனால்தான் 6061 சட்டங்களை வெல்டிங் செய்ததும் முழுச் சட்டத்தையும் சூளையில் வைத்து மறுபடி பக்குவப்படுத்துகிறார்கள். தெருமுனைப் பட்டறையில் அந்தச் சூளை இல்லை. லீவர் எந்தக் கலவை என்றும் யாருக்கும் தெரியாது. வார்ப்பு லீவரானால் உள்ளே இருக்கும் குமிழிகள் சூட்டில் வெடித்து, ஒட்டிய இடமே பஞ்சுபோல் ஆகிவிடும். ஆக, விரிசலை மூடிவிட்டு அதன் இரு கரைகளையும் பலவீனமாக்கி அனுப்புகிறோம். அடுத்த விரிசல் வெல்டிங்கின் ஓரத்திலேயே தொடங்கும்.

எம்-சீல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் அது தெய்வம். ஒட்டும் பரப்பு விரல்நகம் அளவுகூட இல்லாத, ஒவ்வொரு பிடிக்கும் வளைந்து நிமிரும் ஓர் இடத்தில் எந்தப் பசையும் நிற்காது. விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு அதன் ஓட்டத்தை நிறுத்தும் வித்தையும் உண்டு. பாலங்களிலும் விமானத் தகடுகளிலும் செய்கிறார்கள். அகலமான தகட்டுக்கு அது சரி. லீவரில் துளை போட்டால் மிஞ்சுவது துளை மட்டும்தான்.

எனவே அலுமினிய லீவரில், ஆணிக்கும் ஒயர்க் குழிக்கும் பக்கத்தில், அல்லது விரல் படும் வளைவின் தொடக்கத்தில் விரிசல் இருந்தால் மாற்றுவது ஒன்றே வழி. ஹேண்டில்பாரைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பில் விரிசல் என்றாலும் அதேதான். அது பெரும்பாலும் விழுந்து வருவதில்லை. திருகாணியைப் பலம் கொண்ட மட்டும் முறுக்குவதால் வருவது. நுனியில் உருண்டையாக இருக்கும் பகுதி மட்டும் உடைந்திருந்தால் பிரேக் வேலை செய்யும். இருந்தாலும் அந்த உருண்டை அழகுக்கு வைத்ததல்ல. விழும்போது லீவர் முனை உடம்பில் குத்தாமல் இருக்க வைத்தது. உடைந்த முனையை அரத்தால் மழுக்கிவிட்டு சில நாள் ஓட்டலாம். குழந்தைகள் வண்டியில் அதுவும் வேண்டாம். சில விலை கூடிய லீவர்களில் நுனிக்கு அருகே வேண்டுமென்றே ஒரு துளை வைத்திருப்பார்கள். அடிபட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒடிந்து, மீதி லீவர் பிழைத்துக்கொள்ளட்டும் என்று.

அது உண்மையிலேயே விரிசல்தானா, பெயின்ட் கீறலா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு ரயில் பட்டறைகளில் அச்சுகளைச் சோதித்த அதே முறை. லீவரைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். லீவரை மெதுவாக இழுத்து இழுத்து விட்டால், விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். கீறல் என்றால் கோடு வராது. தொழிற்சாலைகளில் இன்று சிவப்புச் சாயமும் வெள்ளை மாவும் தெளித்துச் செய்யும் சோதனை இதன் வாரிசுதான். சோதனை முடிந்ததும் பிரேக் கட்டையிலோ ரிம்மிலோ எண்ணெய் படாமல் துடைத்துவிட வேண்டும். கோடு வரவில்லை என்பதாலேயே விரிசல் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. நகத்தால் வருடினால் தட்டுகிறது, பிடிக்கும்போது 'டிக்' என்கிறது என்றால் அதுவே போதுமான சாட்சி.

"ஒரு பிரேக்தானே, இன்னொன்று இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் லேசாகிச் சறுக்க ஆரம்பிக்கும். காய்ந்த சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள், முன் பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தினால் 3 மீட்டரைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். கண் பார்த்துக் கை பிடிக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. நம் நாட்டு சைக்கிள்களில் வலக்கை லீவர்தான் வழக்கமாக முன் பிரேக். அமெரிக்காவில் அது இடக்கை. 2016 பிப்ரவரியில் லண்டனில் முன் பிரேக்கே இல்லாத சைக்கிளை ஓட்டிய இளைஞர் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டு அந்த இளைஞருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. குதிரை வண்டிக் காலமான 1861-ன் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துத்தான் தண்டித்தார்கள்.

மாற்றுவது என்று முடிவானதும் கடையில் முதலில் கிடைக்கும் லீவரை வாங்கி மாட்டுவது அடுத்த தவறு. லீவர்கள் எல்லாம் ஒரே அளவு ஒயரை இழுப்பதில்லை. பழைய கேலிப்பர் பிரேக்குக்கான லீவர் குறைவாக இழுக்கும். 1990-களின் நடுவில் ஷிமானோ பரப்பிய வி-பிரேக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒயர் இழுக்கும் லீவர் வேண்டும். கேலிப்பர் லீவரை வி-பிரேக்கில் மாட்டினால், கட்டை ரிம்மை முழுசாகப் பற்றுவதற்குள் லீவர் ஹேண்டில்பாரில் முட்டிவிடும். எதிர்த்திசையில் மாற்றினால், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மெதுவாகத்தான் நிற்கும். ஒயர் இழுக்கும் டிஸ்க் பிரேக்குகளிலும் இரண்டு வகை உண்டு. பழைய லீவரைக் கையோடு கொண்டுபோவதும், வண்டியில் என்ன பிரேக் என்பதைச் சொல்லிக் கேட்பதும் இதனால்தான். நேரான ஹேண்டில்பாரில் லீவர் மாட்டும் இடத்தின் விட்டம் 22.2 மில்லிமீட்டர், ரேஸ் சைக்கிளின் வளைந்த பாரில் 23.8. ஒயர் முனைக் குண்டும் முன்னதில் பீப்பாய் வடிவம், பின்னதில் பேரிக்காய் வடிவம்.

ஹைட்ராலிக் பிரேக் என்றால் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லும் கடைகள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பல மாடல்களுக்கு விரல் பிடிக்கும் பகுதி மட்டும் உதிரியாகக் கிடைக்கிறது. ஓர் ஆணியைக் கழற்றி மாட்டும் வேலை. எண்ணெயைத் தொடவே வேண்டியிராது. எண்ணெய் அடைத்திருக்கும் உடல் பகுதியிலேயே விரிசல் என்றால்தான் தொகுதியே போக வேண்டும். எண்ணெய் ஊற்ற நேர்ந்தால் ஷிமானோவுக்கு அதன் தாது எண்ணெய் மட்டுமே. கார் பிரேக்கில் ஊற்றும் திரவம் அதன் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.

பழுது பார்க்கும் பண்பாட்டுக்கு இது எதிரான பேச்சு அல்ல. இருபது ஆண்டு ஓடிய சைக்கிளைக் கட்டை மாற்றி, ஒயர் மாற்றி, லீவர் மாற்றி இன்னும் பத்தாண்டு ஓட்டுவதுதான் பழுது பார்ப்பது. பழுது பார்க்க வேண்டியது சைக்கிளை. லீவர் அதில் செலவாகும் ஒரு சரக்கு. பெரிய கம்பெனிகளும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. ஷிமானோவின் ஒருவகை உயர்ரக கிராங்குகளில் இரண்டு பாதிகளை ஒட்டிய ஒட்டு விட்டுப் பிரிந்ததாக 4,500-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தபோது, 2023 செப்டம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் ஏறக்குறைய 7,60,000 கிராங்குகளைச் சோதனைக்கு அழைத்தார்கள். பிரியும் அறிகுறி தெரிந்தவற்றை மறுபடி ஒட்டிக் கொடுக்கவில்லை, புதிது கொடுத்தார்கள். மிதிகட்டையைத் தாங்கும் கிராங்குக்கே அப்படி என்றால், சில நூறு ரூபாய் லீவருக்கு வெல்டிங் கூலி கொடுப்பதில் என்ன சிக்கனம் இருக்கிறது?

புது லீவரை மாட்டும்போது கிளாம்பை இரும்புப் பிடியாக இறுக்கக் கூடாது. ஓட்டும்போது நகராமல் இருக்க வேண்டும். வண்டி விழுந்தால் ஹேண்டில்பாரைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிக்கொள்ளவும் வேண்டும். திரும்பும் லீவர் பிழைக்கும், முரண்டு பிடிக்கும் லீவர் உடையும். ஒயரின் உட்கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அதையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத்தையும் எஃகு ஆணியையும் ஒன்றோடொன்று அரிக்க வைக்கும் என்பதால், ஆணியில் துளி கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். மாட்டியதும் நின்ற இடத்திலேயே இரு கையாலும் முழு பலத்தோடு பத்து முறை பிடித்துப் பார்த்துவிட்டு, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஒரு சுற்று.

கழற்றிய லீவரை அப்படியே அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தால், அடுத்த ஆண்டு அவசரத்துக்கு யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள். சுத்தியலால் ஒரு போடு போட்டு இரண்டாக்கிவிட்டு காயலான் கடை மூட்டையில் சேர்ப்பதே பாதுகாப்பு. அலுமினியத்துக்கு அங்கே எடை போட்டுக் காசு உண்டு. உருக்கி மறுபடி வார்க்க ஆகும் ஆற்றல், தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆவதில் 5 சதவீதம் வாக்கில்தான்.